ஜமீனுக்கு ஒரு சம்பந்தம்

குட்டிகள் பிறப்பதற்கு முன்பே நவநீதகிருஷ்ணன் அத்தனைக்கும் ஆள் பேசி முடித்துவிட்டான். தாய்க்கு இன்னும் ஜோடியே பார்க்கவில்லை என்பதுதான் சின்னச் சிக்கல்.

திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து போர்வெல் போடுகிறவன் அவன். வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை என்பதை அவன் சொல்ல வேண்டியதில்லை, ஊரே சொல்லிவிடும். அவனுடைய ஜாதகம் புரோக்கர் கதிர்வேலின் பைக்குள் கிடந்து மடிப்பு மடிப்பாகக் கிழிந்துகொண்டிருந்தது. அந்தக் கதிர்வேல்தான் ஒருநாள் அவன் வளர்க்கும் லேப்ரடார் பெட்டையைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.

"மாப்ளே, மொத ஈத்துல எனக்கொரு குட்டி குடு. ராசிபுரத்துல ஒரு பொண்ணு இருக்குது. குட்டி என்ர கைக்கு வந்த அன்னைக்கே உன்ர ஜாதகம் அவுங்க கைக்குப் போயிரும்."

அதற்குப் பிறகு நவநீதனுக்குத் தூக்கம் ஏது? நாய்க்குக் குட்டி பிறந்தால் தனக்குக் கல்யாணம். இவ்வளவு சுலபமான வழி இத்தனை வருடம் தெரியாமல் போயிற்றே என்று அவனுக்கு ஆதங்கமாகக்கூட இருந்தது.

பெட்டையின் பெயர் கம்ப்ரசர். மூச்சு வாங்கினால் ரிக் வண்டியே ஓடுகிற மாதிரி சத்தம் வரும். அதைக் காரில் ஏற்றிக்கொண்டு, நல்ல ஆண் நாய் இருப்பதாகக் கேள்விப்பட்ட பரமத்தி வேலூருக்குப் போனான். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் வசந்தாமணி அம்மாள் வீடு. வாசலில் ஜமீன் என்ற நாய் வயிறு தரையில் பதியப் படுத்துக் கிடந்தது. யார் வந்தாலும் எழுந்திருக்காத நாய் அது.

"வாங்க தம்பி. எந்தக் கூட்டமுங்க?" என்றார் வசந்தாமணி.

"ஆந்தை கூட்டமுங்க."

"நாங்க காடை. சரி, உக்காருங்க."

குலத்தைக் கேட்டதில் நவநீதனுக்கு விசேஷமாக எதுவும் தோன்றவில்லை. அந்தப் பக்கத்தில் பஸ்ஸில் இடம் கேட்பவரிடம்கூட இதைக் கேட்ட பிறகுதான் நகர்ந்து உட்காருவார்கள்.

வசந்தாமணியின் மகள் பிரபா வெளியே வந்தாள். நாமக்கல்லில் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். கேள்வி கேட்பதில் அந்தப் பழக்கம் தெரிந்தது.

"வயசு என்னங்க?"

"முப்பத்தாறுங்க."

"நான் நாயக் கேட்டேனுங்க."

"ஒன்னே கால் வருசமுங்க."

"அது இன்னும் குழந்தைங்க. ரெண்டு வயசாவது ஆவட்டும். அதுக்குள்ள நீங்க செய்யற வேலை இருக்குது. குட்டியெல்லாம் யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

நவநீதன் பெருமையாக ஆள் ஆளாகச் சொன்னான்.

"அவுங்க ஊட்டயெல்லாம் போய்ப் பாத்தீங்களா? நாள் முழுக்கச் சங்கிலியில கட்டிப் போடற ஆளுக்கா குட்டி குடுப்பீங்க?"

போய்ப் பார்த்தான். அங்கேதான் வினை ஆரம்பித்தது. பெரியப்பா மகன் வீட்டில் கட்டிவைக்கத் துருப்பிடித்த சங்கிலி தயாராக இருந்தது. உனக்குக் குட்டி கிடையாது என்றதும், அண்ணன் பேச்சை நிறுத்திக்கொண்டான். பெயிண்ட் கடைக்காரருக்கு வளர்க்க ஆசையில்லை, வாங்கி விற்கத்தான் ஆசை. அவரும் போனார். குட்டி ஒன்றுகூடப் பிறக்காமலே அவன் சொந்த பந்தத்தில் பாதியைப் பகைத்துக்கொண்டான். புரோக்கர் வீட்டை மட்டும் அவன் போய்ப் பார்க்கவில்லை. அதற்குத் துணிச்சல் வரவில்லை.

அடுத்த தடவை போனபோது பிரபா வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"குட்டி போடறப்போ பக்கத்துல யாருங்க இருப்பாங்க?"

"நான் போர் போட வண்டியோட சத்தீஸ்கர்ல இருப்பனுங்க."

"அப்ப அது தனியாக் கெடந்து பெத்துக்கணுமாக்கும்?"

அவள் கேட்ட விதத்தில், நிறைமாதக்காரியை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்தவன் போல நவநீதன் கூனிக் குறுகினான். ஊருக்கு வந்ததும், அலுவலகத்தில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்த கூட்டாளி ஜெயபிரகாஷை சத்தீஸ்கருக்கு அனுப்பிவிட்டுத் தான் உள்ளூர் வேலையைப் பார்த்துக்கொண்டான். ஜெயபிரகாஷ் அங்கிருந்து தினமும் போன் போட்டுத் திட்டினான்.

பிறகு, குட்டிகள் வளரப்போகும் இடத்தைப் பார்க்க வேண்டுமென்று தாயும் மகளும் திருச்செங்கோட்டுக்கே வந்துவிட்டார்கள். வசந்தாமணி குழாயைத் திறந்து பார்த்தார். மொட்டைமாடிக்கு ஏறினார். கடைசியில் சமையலறைக்குள் நுழைந்தார்.

"சமையல் யாருங்க தம்பி?"

"நானேதானுங்க. நாய்க்கும் எனக்கும் ஒண்ணா வடிச்சிருவேன். அதுக்கு உப்பு மட்டும் போட மாட்டேன்."

"ரசம் வெப்பீங்களா?"

"நாய் ரசம் குடிக்காதுங்களே!"

"இல்ல, சும்மா கேட்டேன்."

அடுப்பில் இருந்த ரசத்தை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தான். அவர் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். நல்ல சகுனம் என்று நவநீதன் நினைத்துக்கொண்டான்.

கம்ப்ரசருக்கு இரண்டு வயது முடிந்தது. "இடுப்பு எலும்ப எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க, அதோட சரி," என்றாள் பிரபா. எடுத்தான். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தவில்லை. மருந்தில் சமாளிக்கலாம். ஆனால் குட்டி போடவிட்டால் அதற்கும் கஷ்டம், குட்டிகளுக்கும் இது வரலாம் என்றார்.

நவநீதன் நேராகக் கதிர்வேலிடம் போனான்.

"படத்தத் தூக்கிப் பரண்ல போடு மாப்ளே. வேலூருக்காரங்களுக்கு என்ன தெரியும்?"

"குட்டி நொண்டுமுங்க மாமா."

"நொண்டுனா நொண்டீட்டுப் போவுது. நானென்ன பந்தயத்துக்கா உடப் போறேன்? ராசிபுரத்துல எத்தன நாளைக்குக் காத்திருப்பாங்க?"

"அதுக்கு வலிக்குமுங்க மாமா. என்னால முடியாதுங்க."

"அப்ப உன்ர ஜாதகத்த வாங்கீட்டுப் போயிரு."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். வீட்டில் கம்ப்ரசர் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்ததும் அதைக் கட்டிக்கொண்டு அழுதான். கல்யாண ஆசை அவனுக்குக் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் இன்னொரு குரல் கேட்க வேண்டும் என்று அவ்வளவு ஏங்கினான். இருந்தாலும் இந்த நாயை வலிக்க வைத்து வருகிற கல்யாணம் வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

மறுநாள் பரமத்தி வேலூருக்குப் போய்ப் படத்தைப் பிரபாவிடம் நீட்டினான்.

"மறைச்சு வெக்க மனசு வல்லீங்க. கம்ப்ரசருக்குக் குட்டியே வேண்டாம்னு ஆப்பரேசன் பண்ணிப்போடலாம்னு இருக்கறேன். இத்தன நாளா உங்களுக்கும் அலைச்சல். மன்னிச்சுக்குங்க."

பிரபா படத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்த்தார். இருவரும் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். கோபம்தான் என்று நவநீதன் முடிவு கட்டினான்.

படியிறங்கி, வழக்கம்போல் படுத்திருந்த ஜமீன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையைத் தடவினான்.

"உனக்குப் பாத்த பொண்ணு போச்சு ஜமீனு. உன்ர குட்டியக் கொஞ்சறதுக்கு எனக்குக் குடுத்து வெக்கல. வாரேன்."

வாசல் கூட்டிக்கொண்டிருந்த வேலைக்காரி சாலம்மாள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அட, காரை எடுத்துப்போடாதீங்க சாமி! நீங்க மொத மொத இங்க வாரதுக்கு முந்தியே ஜமீனுக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சுங்க. அம்மாளும் பாப்பாவும் இத்தன நாளாப் பாத்துக்கிட்டிருந்தது உங்களயத்தானுங்க!"