கேரவனை வந்து ஓட்டிக்கொண்டு போகவும்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது. நான் நலமாக இல்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். அதை அறிந்துகொள்ள எனக்கு ஆவலும் இல்லை. இருந்தாலும் கடிதம் என்றால் ஒரு முறை உண்டல்லவா, அதற்காகக் கேட்டு வைக்கிறேன். தங்கள் மனைவியையும் குழந்தைகளையும் விசாரித்ததாகச் சொல்லவும். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மொத்தமும் உங்கள் மேல்தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் மேஜை, தாங்கள் என் தலையில் கட்டிய கேரவனின் சுவரிலிருந்து விரித்து இறக்குவது. கொஞ்சம் அழுத்தி எழுதினால் தானாகவே மடங்கிக்கொள்கிறது. மனிதன் கோபத்தை அழுத்தி எழுதக்கூட இந்த வண்டியில் வழியில்லை.

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று ஊரார் எழுதியதையெல்லாம் வாசித்து, ஆவன செய்யப்படும் என்று பதில் போட்டு ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் சும்மா இருந்திருப்பேன். எனக்கென்று ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. நீங்கள்தான் வந்து, "அத்தான், இனிமே ஜன்னலத் தொறந்தா தினம் ஒரு ஊரு. வீடும் உங்களோட வரும், ரோடும் உங்களோட வரும்" என்று பேசிப் பேசியே உங்கள் பழைய வண்டியை எங்களிடம் தள்ளிவிட்டீர்கள். வீட்டை வாடகைக்கு விட்டோம். இப்போது குடித்தனக்காரர் என் சாய்வு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்காரன் நான் ரோட்டோரத்தில் பல் தேய்க்கிறேன்.

கிளம்பிய அன்றே ஆரம்பித்தது. வண்டி எவ்வளவு உயரம் என்று உங்களிடம் கேட்டேனா இல்லையா? "பாத்து ஓட்டுனா ஒண்ணும் ஆகாது அத்தான்" என்றீர்கள். பார்த்துத்தான் ஓட்டினேன். முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன், இரண்டு பக்கமும் பார்த்தேன். மேலேயும் பார்க்க வேண்டும் என்று யார் சொன்னது? தெருமுனைத் தையல்கடையின் பெயர்ப்பலகை ஏதோ உரசிய சத்தத்தோடு எங்கள் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, அடுத்த ஊர் வரைக்கும் கூடவே வந்துவிட்டது. டீ குடிக்க நிறுத்தியபோது ஓர் அம்மாள் கதவைத் தட்டி, "சட்டைக்குக் கை நீளமா இருக்கு, எப்பக் குடுப்பீங்க?" என்று கேட்கிறார். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. இறங்கி அண்ணாந்து பார்த்தால், "ஆண்கள், பெண்கள் உடைகள் குறித்த நேரத்தில் தைத்துத் தரப்படும்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. உங்கள் அக்கா என்ன செய்திருக்க வேண்டும்? விஷயத்தைச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அவளோ, "உள்ள வந்து உக்காருங்கம்மா, ஊசி நூல் இருக்கு, இப்பவே மடிச்சுத் தச்சுத் தரேன்" என்று கூட்டிவந்துவிட்டாள். இரண்டு பேரும் பேசி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பலகையில் இருந்த நம்பருக்கு நான் போன் செய்தபோது தையல்காரர் பேசியதை இங்கே எழுத முடியாது.

உள்ளே இருக்கிற அழகு அதற்கு மேல். இடப்பக்கம் திரும்பினால் அலமாரி திறந்து தட்டுகள் வருகின்றன, வலப்பக்கம் திரும்பினால் டம்ளர்கள் வருகின்றன, பிரேக் போட்டால் எல்லாம் சேர்ந்து வருகின்றன. குழாயைத் திறந்தால் பம்ப் போடும் இரைச்சலில், தண்ணீர் வந்ததா இல்லையா என்பதே மறந்துபோகிறது. படுக்கையை விரித்தால் சமையலறை காணாமல் போய்விடும். சமையலறை வேண்டுமென்றால் என்னைச் சுருட்டி வைக்க வேண்டும். சண்டை போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போகலாம் என்றால் அடுத்த அறை எங்கே? ஒருநாள் வீம்பாகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. யாரோடு பேசக்கூடாது என்று உள்ளே போனேனோ அவளையே கத்திக் கூப்பிட வேண்டியதாயிற்று. "இனிமே கோவிச்சுக்குவீங்களா?" என்று வெளியே நின்று கேட்டுவிட்டுத்தான் திறந்தாள்.

இதற்கு மேல் "நீங்கள்" என்று எழுத என் பேனா ஒத்துழைக்கவில்லை. கேள்.

கேரவன் என்றால் ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான், உள்ளே நடிகர் இருக்கிறார் என்பது. ஒரு சந்தை மைதானத்தின் ஓரமாக நிறுத்தியிருந்தோம். காலையில் வெளியே ஒரே சலசலப்பு. எட்டிப் பார்த்தால் பெரிய கூட்டம், குழந்தைகுட்டிகளோடு. "ஹீரோவா வில்லனா?" "வில்லன்தானாம். உள்ள மேக்கப் நடக்குது." எனக்கோ அவசரம். கழிவறைப் பெட்டி நிரம்பி, அதன் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. இந்த வண்டியில் அந்தப் பெட்டியை உருவி, நாமே தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிக் கழுவி வர வேண்டும் என்பதை நீ வண்டி கைமாறிய பிறகு, அதுவும் போனில்தானே சொன்னாய்? கதவைத் திறந்தேன். விசில் பறந்தது. பனியனும் அரைக்கால் சட்டையுமாக, இரண்டு கையாலும் அந்தப் பெட்டியை அணைத்துப் பிடித்தபடி நான் படியிறங்கினேன். விசில் நின்றது. "சார், ஒரு செல்ஃபி" என்று ஓடிவந்தவன் பாதியிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். கூட்டம் இரண்டாகப் பிரிந்து எனக்கு வழிவிட்டது. ஊரார் சாக்கடையைப் பற்றிக் காகிதத்தில் மட்டுமே கையெழுத்துப் போட்டவனை, சாக்கடையைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போக வைத்தவன் நீ.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்து நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

மலைப்பாதையில் ஒரு வளைவு. வண்டி பாதி ஏற்றத்தில் அணைந்து நின்றது. பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் லாரிகள். ஹேண்ட் பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் நழுவுகிறது. பிடித்தால் அங்கேயே நிற்கிறது. பஸ் டிரைவர் இறங்கி வந்து, "பெரியவரே, ஏறப்போறீங்களா, இறங்கப்போறீங்களா? ஏதாவது ஒண்ண முடிவு பண்ணுங்க" என்கிறார். அப்போதுதான் உன் அக்கா, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள்.

"என்ன செய்யப் போற?"

"தள்ளுங்கன்னா."

சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். கிளட்சை மெல்ல விட்டுக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். வண்டி ஒரு விரல்கூடப் பின்வாங்காமல், பூனை மாதிரி ஏறியது. பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மச்சான், கைதட்டினார்கள்.

"யாரு கத்துக்குடுத்தா?" என்றேன்.

"தம்பிதான். கல்யாணத்துக்கு முன்னாடி. அப்ப அவன் லாரி ஷெட்ல இருந்தான்ல, அங்க."

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே" என்றாள், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல். கொஞ்ச தூரம் போன பிறகு, "சாவி எப்பவும் உங்க சட்டைப் பையிலதானே இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். ஒரு பாட்டை வேறு முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள்.

கல்யாணம் பேசும்போது உங்கள் வீட்டில் என்னென்னவோ சொன்னீர்கள். நன்றாகச் சமைப்பாள், தைப்பாள், கணக்கு வரும், பொறுமைசாலி. லாரி ஓட்டுவாள் என்று ஒரு வார்த்தை சொன்னீர்களாடா? அன்றிலிருந்து ஓட்டுவது அவள்தான். நான் பக்கத்தில் கிளீனர். "பின்னாடி வண்டி வருதான்னு பாருங்க", "இறங்கி ஒரு கல்ல வைங்க", இதுதான் என் உத்தியோகம்.

எனவே, வருகிற ஞாயிற்றுக்கிழமை, வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்று சொன்னாயே, அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு வந்து இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடு. ஏரிக்கரை மைதானத்தில் நிற்கிறோம். குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்லி நீயே பேசிவிடு. ஆவன செய்யப்படும் என்று பதில் எழுதி ஏமாற்றலாம் என்று நினைக்காதே. அந்த வாக்கியத்தில் எவ்வளவு பொய் அடங்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நீயும் உன் குடும்பமும் எல்லாச் செல்வமும் பெற்று நெடுநாள் வாழ என் ஆசிகள். வாழ்கிறபோதே வந்து வண்டியை எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பொறுமை முழுவதும் தீர்ந்துபோன,
உன் அத்தான்.

பின்குறிப்பு: ஸ்டாம்ப் வாங்கக் கடைக்குப் போய், அங்கேயே உறையில் ஒட்டிக்கொண்டு திரும்பினால், மைதானத்தில் வண்டி இல்லை. புல்லில் சக்கரத் தடம் மட்டும் இருந்தது. கடைக்குக் கிளம்புமுன் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேனே, படித்திருப்பாளோ என்று தோன்றியது. அந்த வெறும் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். வண்டி போய்விட்டதே என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை, மச்சான். வெகுநேரம் கழித்து ஏரியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். எங்கே போனாய் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவளே சொன்னாள்: "எங்கயும் இல்ல. இதுவரைக்கும் நான் தனியா எங்கயும் ஓட்டிட்டுப் போனதில்ல. போய்ப் பாத்தேன்." முகம் அப்படி ஒரு வெளிச்சமாக இருந்தது. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுவில், "கூட நீங்க இல்லாததுதான் ஒரு மாதிரி இருந்துச்சு" என்றும் சொன்னாள்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்றால் ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது. அதனால் உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். திட்டியதெல்லாம் திட்டியதுதான், அதில் மாற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதே. வந்தாலும் நாங்கள் இங்கே இருக்க மாட்டோம்.