தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை

மாமனாரிடம் நல்ல பெயர் வாங்க எத்தனையோ வழிகள் இருக்கின்றன. ஓட்டைப் படகு ஒன்றைத் திருத்துவது அவற்றில் சேராது. அனுபவப்பட்டவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மாமா உடுப்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்பவர். வெங்காயத்தைப் பாராட்டுவார், மாட்டைப் பாராட்டுவார், தன்னோடு கதை பேச்சு இல்லாத பக்கத்து வீட்டுக்காரனின் கிணற்றுத் தண்ணீரைக்கூடப் பாராட்டுவார். அவருடைய மகளைக் கட்டிப் பல வருடமாகியும் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவனுக்குக் கைவேலை வராது என்பது அவருடைய முடிவு. (பிழையில்லை. எங்கள் வீட்டில் பல்ப் மாற்றுவது என் மனைவி வதனிதான்.)

அந்த அபிப்பிராயத்தை மாற்றத்தான், தொண்டைமானாற்றில் ஒருவர் வேண்டாமென்று கவிழ்த்துப் போட்டிருந்த பைபர் போட்டைக் கேட்டு வாங்கினேன். முன்பக்கத்தில் என் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. (நுழைத்துப் பார்த்தேன்.) மற்றபடி நல்ல போட்.

"இஞ்சேருங்கோ, உது மிதக்குமே?" என்றாள் வதனி.

"வீடியோ பாத்தனான். லேசான வேலை."

நார்ப்பாயை ஓட்டையில் வைத்து, மேலே ரெசின் என்கிற பிசினைப் பூச வேண்டும். அது இறுகுவதற்குக் கொஞ்சம் ஹார்ட்னர் கலக்க வேண்டும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று வீடியோவில் சொன்ன இடத்தை விளம்பரத்தோடு சேர்த்துத் தாண்டிவிட்டேன். முதல் வாளிக்குத் தாராளமாக ஊற்றினேன். வாளி புகைந்தது, பிரஷ் நட்டுவைத்தபடி இறுகிப்போனது.

"சாம்பிராணியோ போடுறியள்?" என்று குசினியில் சமைத்துக்கொண்டிருந்த வதனி கேட்டாள்.

பயந்துபோய், அடுத்த வாளிக்குத் தீர்த்தம் தெளிப்பதுபோல் சில சொட்டுகள் மட்டும் விட்டேன். ஒரு கிழமை கழித்தும் அது பிசுபிசுத்தது. திரும்ப ரெசின் வாங்க மனம் வராமல், அதன் மேலேயே பட்டி பூசி, நீலப் பெயின்ற் அடித்தேன். தூர நின்று பார்த்தால் அவ்வளவு அழகு.

போட்டைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், வெள்ளோட்டத்துக்கு மாமாவை அழைத்தேன். பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறித்தவரும் அவர்தான். போட்டுக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் சாத்தியாயிற்று. தேங்காய் உடைக்கப் பார்த்தால் கரை முழுக்க மணல். மருந்துக்கும் ஒரு கல் இல்லை.

"கெதியாய்ப் பாருங்கோ தம்பி. ராகுகாலம் துவங்கப் போகுது" என்றார் மாமா.

"நான் கல்லு எடுத்துக்கொண்டு வாறன் அப்பா" என்று வதனி ரோட்டுப் பக்கம் போனாள்.

பொறுத்திருக்கலாம். ஆனால் மாமாவின் பாராட்டு முழுவதும் நான் ஒட்டிய அந்த இடத்தில்தான் இருப்பதாக எனக்குத் தோன்றிவிட்டது.

"கல்லு என்னத்துக்கு மாமா? நான் ஒட்டின இடத்தைப் பாருங்கோ, இரும்பு மாதிரி" என்று சொல்லி, கண்ணை மூடிச் சந்நிதி முருகனை நினைத்து, தேங்காயை அதில் ஓங்கி அடித்தேன்.

உடைகிற சத்தம் கேட்டது. நல்ல சகுனம் என்று கும்பிட்டுக் கண்ணைத் திறந்தால், தேங்காயைக் காணவில்லை. பழைய ஓட்டை மாலையோடு என்னைப் பார்த்தது. தேங்காய் அதற்குள்ளால் போய் போட்டுக்குள்ளே உருண்டுகொண்டிருந்தது.

மண்ணுக்குள் புதைந்துபோனால் தேவலை என்றிருந்தது. மாமா வேட்டியை மடித்துக் கட்டி, போட்டுக்குள் ஏறித் தேங்காயை எடுத்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. காதருகே வைத்துக் குலுக்கினார். பிறகு இறங்கி வந்து என் தோளில் கை வைத்தார். என்னதான் இருந்தாலும் மனிதர் ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

"தம்பி, தேங்காய் நல்ல தேங்காய்" என்றார்.

கல்லோடு வந்த வதனி, கல்லைப் போட்டுவிட்டு மணலிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

போன கிழமை குளியலறைக் குழாயைத் திருத்தினேன். தண்ணீர் குழாயை விட்டுவிட்டுச் சுவரால் வந்தது. வதனி உடனே தகப்பனுக்குப் போன் எடுத்து, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா, இவர் பைப் திருத்தினவர்."

ஸ்பீக்கரில் மாமாவின் குரல் அக்கறையோடு வந்தது.

"தேங்காய்க்கு ஒண்டும் ஆகேல்லைத்தானே, பிள்ளை?"