கைதட்டலோடு போன மாடி ரூம்

உயிரே போனாலும் மாடி ரூமை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அமெரிக்காவில் டாலஸை ஒட்டிய காப்பெல் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் என் ராஜ்ஜியம் அந்த ஓர் அறைதான். சாய்வு நாற்காலி, சுவரை அடைத்துக்கொண்டு டிவி, உள்ளே தாழ்ப்பாள். வேறென்ன வேண்டும்?

வந்தது வினை. என் மனைவி வான்மதியின் தம்பி ரஞ்சித்துக்கு ஜெர்சி சிட்டியிலிருந்து டாலஸுக்கு வேலை மாறிவிட்டது.

"ஏனுங்க, வேற வீடு கிடைக்கிற வரைக்கும் தம்பி குடும்பம் மாடி ரூம்ல இருந்துக்கட்டுமே?"

"நடக்கவே நடக்காது! இருக்கிறவங்களுக்கே சுடுதண்ணி பத்தலை."

"சண்டை எதுக்குங்க? சனிக்கிழமை தமிழ்ச் சங்கப் பட்டிமன்றத்துல எதிரெதிரா பேசுவோம். தீர்ப்புப்படி செஞ்சுக்கலாம்."

"சத்தியமா?"

"சத்தியமா. எந்தப் பக்கம்னு நீங்களே எடுத்துக்குங்க."

தலைப்பு: 'குடியேறி வருபவர்கள் பொதுச் சேவைகளுக்குச் சுமையா, பலமா?' வரும் கூட்டம் மொத்தமும் விசா, க்ரீன் கார்டு கூட்டம். சுமை என்று பேசினால் பந்தியில் சாம்பார்கூட ஊற்ற மாட்டார்கள். பாய்ந்து 'பலம்' எடுத்தேன். பாவம், வான்மதி வசமாக மாட்டினாள் என்று நினைத்தேன்.

"ஸ்கூல்ல இடமில்லை, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கலை, லைப்ரரியில உட்கார நாற்காலி இல்லை" என்று சனிக்கிழமை மேடையில் ஏனோதானோவென்று பேசிவிட்டு உட்கார்ந்தாள்.

நான் மைக்கைப் பிடித்தேன்.

"வர்றவங்க சும்மாவா வர்றாங்க? வரி கட்டறாங்க! அதுலதான் ஸ்கூலுக்கு இன்னொரு கட்டடம்! வர்றவங்கள்ல டாக்டரும் உண்டு, நர்ஸும் உண்டு! கதவைத் திறங்க, ஊர் தானா வளரும்!"

விசில் பறந்தது. வான்மதியும் எழுந்து நின்று கைதட்டினாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நடுவர் நாகமணி ஆன்ட்டி தீர்ப்புச் சொன்னார்: "வருகிறவர்கள் சுமை இல்லை, பலமே! கதவைத் திறந்து வையுங்கள்!"

காரில் ஏறியதும் மீசையை முறுக்கினேன்.

"ஜெயிச்சுட்டேன். ரூம் எனக்கு."

"நீங்க ஜெயிச்சதை யாருங்க இல்லைன்னா? ஆனா தீர்ப்புப்படிதானே செய்யணும்? வர்றவங்க சுமை இல்லையாம். கதவைத் திறந்து வைக்கணுமாம்."

"அடிப்பாவி! அது ஊருக்குச் சொன்னதுடி!"

"நம்ம வீடும் ஊருக்குள்ளதானுங்க இருக்குது."

இப்போது என் சாய்வு நாற்காலி கராஜில், புல்வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நேற்று அதில் சாய்ந்திருந்தபோது ரஞ்சித் வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"மாமா, என் மாமனார் மாமியாரும் இங்கேயே வர்றாங்க. உங்க பட்டிமன்ற வீடியோவைப் பார்த்துட்டுத்தான் டிக்கெட்டே போட்டாங்களாம்!"