சாவிக்கு ஒட்டிய சிவப்புச் சீட்டு

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு காரை நான் ஒரு துண்டுக் காகிதத்தால் கொன்றேன். நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். (கட்டிய பல். கடிக்காதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவர் மீதும் கோபம்தான்.)

முப்பத்தொரு வருடம் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவன் நான். அதில் கடைசிப் பதினைந்து வருடம் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில். எழுத்தில் இல்லாதது இந்த உலகத்திலேயே இல்லை என்பது என் கொள்கை. உற்பத்தி லைன் நின்றால் முதல் ஆளாகப் போய் "எத்தனை நிமிஷம்?" என்று கேட்பேன். ஏன் நின்றது என்று கேட்டதில்லை. அது வேறு துறை.

ஓய்வு பெற்றதும், சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் என் மாமனாரின் பழைய அம்பாசிடர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. உடம்பு தேக்கு மாதிரி. எஞ்சின் மட்டும் செத்துப்போயிருந்தது. அதை எடுத்துவிட்டு, விபத்தில் நசுங்கிய ஒரு புதுக் காரின் எஞ்சினைப் பொருத்துவது என்று முடிவு செய்தேன்.

அந்தக் காரின் மேல் என் மைத்துனன் மோகனுக்கும் கண். தண்டலம் பக்கம் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறான். "மாமா, வண்டிய எனக்கு குட்துடுங்க. வாசல்ல நிறுத்தி பூ சுத்துனா பொண்ணு மாப்ள செல்ஃபி எடுப்பாங்க. உங்களுக்கு ஃபைல் எழுதத்தான் தெரியும், ஸ்பேனர் புடிக்கத் தெரியாது" என்றான்.

என்னைப் பார்த்து! உடனே ஒரு ஒப்பந்தம் எழுதினேன். புது எஞ்சினோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலக ஆய்வில் கார் தேறினால் எனக்கு. தேறாவிட்டால் மோகனுக்கு. வாய்ப்பு ஒன்றே ஒன்று. "ஒன்னு போதுமாங்க?" என்று என் மனைவி வசந்தா கேட்டாள். முறையாகச் செய்கிறவனுக்கு இரண்டாவது வாய்ப்பு எதற்கு என்று கேட்டுவிட்டு, சாட்சிக் கையெழுத்தும் அவளிடமே வாங்கினேன்.

எஞ்சினை ஏற்றியவன் பிள்ளைப்பாக்கத்து மெக்கானிக் டேவிட். அவன் முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் கையெழுத்து வாங்கியவன் நான். தொழிற்சாலையில் போலவே போர்ட்டிகோவில் மஞ்சள் கோடு போட்டேன். கோட்டைத் தாண்டி வந்த வசந்தாவுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தேன். (அதன் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுதி என்னிடமே கொடுத்தாள்.) எல்லாவற்றுக்கும் மேல், என் சிவப்புச் சீட்டு. பெயர் எழுதாத பொருள், வரைபடத்தில் இல்லாத பொருள், கையெழுத்து இல்லாத பொருள் எதுவானாலும் சிவப்புச் சீட்டை ஒட்டுவேன். ஒட்டியதை உடனே அப்புறப்படுத்த வேண்டியது வசந்தாவின் பொறுப்பு.

எட்டு மாதத்தில் எஞ்சின் முதல்முறை உறுமியது. கைதட்டிவிட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் கறுப்பு டேப்பால் கட்டியிருந்த ஒரு சாவியை டேவிட் காட்டினான்.

"சார், இது இந்த எஞ்சினோட பழைய வண்டி சாவி. இதுக்குள்ள சிப்பு கீது. எஞ்சினு இத்த பாத்தாதான் ஓடும். இல்லன்னா ரெண்டு செகண்டுல ஆஃப் ஆயிடும். இத்த மட்டும் தொடாதீங்க."

"இந்த மாற்றத்தை ஏன் குறிப்பேட்டில் எழுதவில்லை?"

"எழுதிக்கினே இருந்தா வண்டி எப்ப சார் ஓடும்?"

அன்றைக்கு அந்த எழுதாத குற்றத்தைப் பற்றி அரை மணி நேரம் கத்தினேன். குற்றம் நினைவில் நின்றது. சாவி நிற்கவில்லை.

ஆய்வு நாள் வந்தது. வீட்டிலிருந்து ஆய்வு மைதானம்வரை கார் பூப்போல ஓடியது. வசந்தா ஜன்னலில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். "அப்பா இருந்தா உங்களத் திட்டிக்கிட்டே சந்தோஷப்பட்டிருப்பாரு" என்றாள். அதோடு வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒன்பது வண்டிகள். சும்மா இருக்கத் தெரிந்தவனுக்கு வாழ்க்கையில் பாதித் துன்பம் இல்லை. நான் எஞ்சினை நிறுத்திவிட்டு இறுதித் தணிக்கை செய்தேன். குனிந்து பார்த்தால், ஸ்டியரிங்குக்கு அடியில் டேப் சுற்றிய ஏதோ ஒரு சாவி! பெயர் இல்லை. வரைபடத்தில் இல்லை. கையெழுத்து இல்லை. காருக்குத்தான் அதன் சொந்தச் சாவி இருக்கிறதே, இது எதற்கு? பிய்த்தேன். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சிவப்புச் சீட்டை எடுத்து ஒட்டினேன். "வசந்தா, அப்புறப்படுத்து."

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னங்க, டேவிட் கட்டினது மாதிரி இருக்கு..."

"சீட்டு ஒட்டியாச்சா இல்லையா?"

"ஒட்டியாச்சு."

"அப்புறம் என்ன பேச்சு?"

போனாள். போட்டுவிட்டு, எனக்கு ஒரு இளநீரும் வாங்கி வந்தாள்.

ஆய்வாளர் ஓர் இளம்பெண். என் கோப்பை முழுதாகப் புரட்டினார். "சார், இந்த மாதிரி ஃபைல் நான் பாத்ததே இல்ல" என்றார். மோகன் கேட்க அங்கே இல்லையே என்று வருந்தினேன். "சரி சார், ஸ்டார்ட் பண்ணுங்க."

திருகினேன். உறுமியது. இரண்டு விநாடியில் நின்றது.

மறுபடி. மறுபடி. பதினொன்றாவது முறை திருகும்போது பின்னால் நின்ற மினி லாரிக்காரர் இறங்கி வந்து, "பெர்சு, வண்டிக்கு விக்கலா?" என்றார்.

டேவிட்டுக்கு போன் செய்தேன்.

"சாவி இருக்குல்ல சார்?"

"எந்தச் சாவி?"

"டேப்பு சுத்தி கட்டினேனே..."

"அது ஆவணத்தில் இல்லை. எடுத்துவிட்டேன்."

"சார், உங்க மூளைகூட எந்த ஆவணத்துலயும் இல்ல. அத்தயும் எட்து போட்டுட்டீங்களா?"

வசந்தாவிடம் ஓடினேன். இளநீர்க் கடை ஓரம் மட்டைக் குவியலில் போட்டதாகச் சொன்னாள். அங்கே குவியல் இல்லை. ஈரத் தடம் மட்டும் இருந்தது. "மட்ட வண்டி இப்பதான் போச்சு சார். இந்நேரம் படப்பை தாண்டியிருக்கும்" என்றார் கடைக்காரர்.

"உனக்குத்தான் சந்தேகம் வந்ததே, எடுத்து வைத்திருக்கக் கூடாதா?" என்று அத்தனை பேர் நடுவில் வசந்தாவிடம் கத்தினேன்.

"சந்தேகத்துக்கு உங்க ஃபாரத்துல கட்டம் இல்லீங்க" என்றாள்.

ஆய்வாளர் வருத்தத்தோடு கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். "ஃபைல் பாஸ் சார். வண்டிதான் ஃபெயில். வேற சாவி ரெடி பண்ணிட்டு இன்னொரு நாள் வாங்க." அலுவலகத்தில் இன்னொரு நாள் உண்டு. என் ஒப்பந்தத்தில் கிடையாது.

காரை இழுத்துப் போக மோகனே டிராக்டரோடு வந்தான். கோபத்தைக் காட்டக்கூட முடியவில்லை. கயிறு நான் கட்டியதைவிட நன்றாகக் கட்டினான். ஒரகடம் சாலையில் ஷிப்ட் விடும் நேரம். எங்களுக்குப் பின்னால் கம்பெனி பஸ்கள் அனுமார் வால் போல நின்றன. முந்திப்போன ஒரு பஸ்ஸின் ஜன்னலிலிருந்து என்னிடம் வேலை பார்த்த ஒருவன் பாதி உடம்பை வெளியே நீட்டினான்.

"சார்ர்ர்! லைன் நின்னுடுச்சா? எத்தினி நிமிஷம் சார்?"

பஸ் முழுக்கச் சிரித்தது. வசந்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

இப்போது கார் மோகனின் மண்டப வாசலில் நிற்கிறது. முகூர்த்த நாளில் யார் யாரோ அதன் மேல் சாய்ந்து படம் எடுக்கிறார்கள். பந்தியில் கரண்டி காணோம் என்றால்கூட, "மாமாவ கேளுங்க, சீட்டு ஒட்டியிருப்பாரு" என்று மோகன் மைக்கில் அறிவிக்கிறான். சிரிக்காத உறவினர் ஒருவர்கூட இல்லை. எண்ணிப் பார்த்துவிட்டேன்.

போன மாதம் என் சாய்வு நாற்காலியின் முதுகில் ஒரு சிவப்புச் சீட்டு இருந்தது. வசந்தாவின் கையெழுத்து. 'பொருள்: வீட்டுக்காரர். பயன்பாடு: தெரியவில்லை. சத்தம்: அதிகம்.' பிழை கண்டுபிடிக்கக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஒன்றே ஒன்று கிடைத்தது. அப்புறப்படுத்தும் தேதியை நிரப்பவில்லை. அது விதிமீறல் என்று திருப்பி அனுப்பினேன்.

"அது விட்டுப்போகலீங்க, வேணும்னுதான் விட்டேன்" என்று சொல்லிவிட்டு, அதையே மறுபடி ஒட்டிவிட்டுப் போனாள்.

அந்தச் சீட்டில் சாய்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது.