புவனகிரி ஆடிட்

மரியசெல்வம் பொய் பேசுகிறவர் அல்ல. எப்போதோ சொன்ன ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக அவ்வப்போது நாலைந்து சொல்வார், அவ்வளவுதான்.

அந்த மூத்த பொய்க்கு வயது இருபத்து நான்கு. அவருடைய கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் ‘பி.காம்.’ என்று அச்சாகியிருந்தது. அவர் படித்தது பி.காம்.தான். ஆனால் இரண்டு பேப்பர் தேறவில்லை. அதையும் சேர்த்துப் பத்திரிகையில் போட அச்சகத்தில் எழுத்துக்கா பஞ்சம்? இருந்தாலும் நன்றாக இருக்காதே! அடுத்த பரீட்சையில் எழுதி முடித்துவிடலாம் என்று விட்டார். அடுத்த பரீட்சை அவர் வாழ்க்கையில் வரவேயில்லை. சிந்தியா வந்தாள், பெலிசியா பிறந்தாள், பெலிசியாவே படித்து முடித்துச் சென்னையில் வேலைக்கும் போய்விட்டாள்.

பொய்யோடு விட்டிருந்தாலாவது போகிறது. மனைவி சிந்தியா பிளஸ் டூ. வீட்டில் கரண்ட் பில் ஏன் கூடியது என்பதிலிருந்து பெண்ணை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்பது வரை எந்தப் பேச்சு எழுந்தாலும் மரியசெல்வம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஒரே வரியில் முடித்துவிடுவார்.

"பிளஸ் டூவுக்கு இதெல்லாம் புரியாது, விடு."

சிந்தியா விட்டுவிடுவாள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஆபீஸ் குறுக்கே வந்தது. கடலூரில் ஒரு கம்பெனியில் அவர் ஸ்டோர் கீப்பர். புதிதாக வந்த மேனேஜர் அருள் பிரகாஷ், மகள் வயதுப் பையன், கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"சார், அசிஸ்டென்ட் மேனேஜர் போஸ்டுக்கு உங்க பேரப் போட்டிருக்கேன். டிகிரி ஒரிஜினல் மட்டும் கொண்டாந்துடுங்க."

"ஒரிஜினல் வெள்ளத்துல போயிடுச்சு சார்."

வெள்ளம் கடலூர்க்காரர்களுக்கு எவ்வளவோ நஷ்டம் கொடுத்திருக்கிறது. மரியசெல்வத்துக்கு மட்டும் ஓர் உதவி செய்தது. இல்லாத சான்றிதழை அடித்துக்கொண்டு போயிற்று.

"அப்ப டூப்ளிகேட்டுக்குப் போட்டுடுங்க."

"போடலாம் சார். ஆனா வர்றதுக்கு மூணு வருஷம் ஆகும்."

"மூணு வருஷமா!"

"யூனிவர்சிட்டி வேலை சார். ஜாஸ்தி லேட் பண்ணுவாங்க."

அந்த மூன்று வருஷத்தில் ஒரு நிஜப் பட்டமே வாங்கிவிடுவது என்று மரியசெல்வம் முடிவு கட்டினார். பழைய இரண்டு பேப்பரை எழுதலாமா என்று விசாரித்ததற்கு, "உங்க அரியருக்கு எங்க ஸ்டாஃப்ல பாதிப் பேர விட வயசு ஜாஸ்தி சார்" என்று சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் சிதம்பரத்தில், பட்டம் வாங்காமல் விட்ட பெரியவர்களுக்கென்றே நடக்கும் ஒரு கல்லூரியைக் கேள்விப்பட்டார். பாடமெல்லாம் செல்போனில். ஆனால் பருவத்துக்கு ஒருமுறை மூன்று நாள் நேரில் வந்து தங்க வேண்டும். அதில் ஒரு நாள் ஏதாவதொரு தொழில் நடக்கும் இடத்துக்கே போய், அந்த வேலையைத் தன் கையால் செய்து பழக வேண்டும். தங்கு முகாம் என்று பெயர்.

முகாம் வெள்ளிக்கிழமை தொடங்கியது. மரியசெல்வம் வியாழக்கிழமையே பீடிகை போட்டார்.

"சிந்தியா, நாளைக்கிப் புவனகிரியில ஆடிட். மூணு நாள் ஆகும்."

"சரிங்க."

"பெரிய ஆடிட்."

"சரிங்கறேனே."

காலையில் அவள் கட்டிக் கொடுத்த பையைத் திறந்து பார்த்தார். பழைய அரைக்கால் சட்டை, இரண்டு துண்டு, ஓடோமாஸ், தேங்காய் எண்ணெய்.

"ஆடிட்டுக்கு எதுக்குடி அரைக்கால் சட்டை?"

"புவனகிரியில வெக்கை ஜாஸ்தியாம். வச்சுக்குங்க."

பிளஸ் டூதானே, என்ன தெரியும் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு கிளம்பினார். வேலையை அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவருக்கு இல்லை. நேரே சிதம்பரம் போகாமல் சுற்றிக்கொண்டு புவனகிரிக்குப் போய், ஊர்ப் பெயர் தெரிகிற மாதிரி பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரு செல்பி எடுத்து மனைவிக்கு அனுப்பினார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. வெற்றியோடு ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ் பிடித்தார். சிதம்பரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கல்லூரிக்குள் நுழையும்போது மணி பதினொன்று.

வாசலில் பதிவு மேசை. நாலைந்து பேர் வரிசை. அவர் முறை வந்தது. கழுத்தில் அடையாள அட்டையும் மூக்கில் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்த பெண்மணி பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"பேரு?"

"ஆ. மரியசெல்வம்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் குரல் காதில் உறைத்தது. தினமும் காலையில் ‘காப்பி ஆறுது’ என்று சொல்கிற குரல். அட்டையைப் பார்த்தார். ‘சிந்தியா மரியசெல்வம், இரண்டாம் ஆண்டு, மாணவர் ஒருங்கிணைப்பாளர்.’

மரியசெல்வத்துக்குக் கால் அங்கேயே வேர் விட்டது. பின்னால் நின்றவர் சபாபதி. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். "சார், முன்னால ஏறிப் போங்க. பின்னால எடம் இல்ல பாருங்க" என்று முதுகில் தட்டினார்.

"ஊரு?" என்றாள் சிந்தியா, முன்பின் பார்க்காதவளைப் போல.

"கடலூர்."

"வேலை?"

"ஸ்டோர் கீப்பர்."

"இன்னிக்கி லீவா சார்?"

"ஆடிட்."

"எங்க?"

"புவனகிரி" என்றார். வாய் பழக்கத்தில் வந்துவிட்டது.

"ஆமா, போட்டோ பாத்தேன்." எழுதிக்கொண்டே போனாள். "இதுக்கு முன்னாடி என்னா படிச்சிருக்கீங்க?"

உண்மையைச் சொன்னால் வீட்டில் மானம் போகும். பொய்யைச் சொன்னால்? சொல்லிப் பார்த்தார்.

"பி.காம்."

பேனா நின்றது. "பட்டம் வாங்கினவங்களுக்கு இங்க சீட் கெடையாது சார். அடுத்த ஆள் வாங்க."

"இல்ல, இல்ல. முழுசா வாங்கல."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. ஃபேன் ஓடுது."

"பி.காம். ஃபெயிலு."

"எத்தன பேப்பர்?"

"ரெண்டு."

"எது எது?"

"காஸ்ட் அக்கவுண்டன்சி. இன்கம் டாக்ஸ்."

இரண்டையும் அழகான கையெழுத்தில் எழுதினாள். இருபத்து நான்கு வருஷமாக அவர் பூட்டி வைத்திருந்ததை இரண்டு நிமிஷத்தில் பதிவேட்டில் ஏற்றிவிட்டாள். மரியசெல்வம் தரையைப் பார்த்தபடி நின்றார். சபாபதி அவர் தோளில் கை போட்டார்.

"ரெண்டு பேப்பருக்கா சார் இப்பிடி மூஞ்சத் தொங்கப் போடுறீங்க? நான் பிளஸ் டூவே அறுபது வயசுலதான் பாஸ் பண்ணேன். பிளஸ் டூன்னா கேவலமா என்னா?"

மரியசெல்வம் அவசரமாகப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்.

மறுநாள் காலை வேனில் ஏற்றிக் கடலோரத்திலிருக்கும் கிள்ளைக்குக் கூட்டிப் போனார்கள். குழுவுக்குத் தலைவி சிந்தியா. சதுப்புக் காட்டுக்குள் ஓடும் வாய்க்காலில் கையாலேயே தடவி இறால், அவர்கள் பேச்சில் எறா, பிடிக்கிற ராசம்மாள் என்ற பெண்தான் அன்றைக்கு வாத்தியார். இடுப்பளவு தண்ணீர், முழங்காலளவு சேறு. மரியசெல்வம் அரைக்கால் சட்டையில் நின்றார். அது பைக்குள் ஏன் வந்தது என்று இப்போது புரிந்தது. ஓடோமாஸும் புரிந்தது. வெட்கத்தில் அதைப் பூசிக்கொள்ளாமல் நின்றார். கொசுக்கள் அவருடைய தன்மானத்தை மெச்சவில்லை.

"ரெண்டு கையும் சேத்துலதான் இருக்கும். புடிச்சத எங்க போடுவ? அதுக்குத்தான் இது" என்று ராசம்மாள் ஓர் ஓலைக்கூடையின் விளிம்பை அவர் பல்லுக்கிடையில் கொடுத்தாள். "நல்லா கவ்விக்க சார். வாயத் தொறந்தா கூடை போயிடும்."

கல்யாணமான நாளிலிருந்து மரியசெல்வம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

எறா அவர் விரலுக்குள் வந்தது, வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி வந்தது, போனது. ராசம்மாளின் கூடை பாதி நிறைந்திருந்தபோது அவருடைய கூடையில் மூன்று கிடந்தன. அதில் ஒன்று எறா இல்லை, குச்சி. கரையேறியதும் ராசம்மாள் கேட்டாள்.

"நீ என்னா படிச்சிருக்க சார்?"

சுற்றிலும் பார்த்தார். சிந்தியா நாலடி தள்ளி டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். காலர் இல்லாத பனியனில் சரிசெய்து கொள்ள எதுவும் இல்லை.

"பி.காமுல ரெண்டு பாடம் ஃபெயிலும்மா."

"எறா புடிக்க அது போதும். நீ மனசு வைக்கல, அதான்."

ஒரு டம்ளர் டீ உள்ளே போனதும் மரியசெல்வத்துக்குக் கொஞ்சம் வீரம் வந்தது. இதில் தான் மட்டுமா குற்றவாளி? சிந்தியாவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நீ மட்டும் ரொம்ப யோக்கியமோ? ஒரு வருஷமா எனக்குத் தெரியாம படிச்சிருக்க!"

"தெரியாமயா? சிதம்பரத்துல கிளாஸ்ல சேந்துருக்கேன்னு சொன்னேனே."

"தையல் கிளாஸுன்னு நெனச்சேன்."

"மூணு மூணு நாள் ரெண்டு தடவ முகாமுக்கு வந்தேனே?"

"பெலிசியா ஹாஸ்டலுக்குப் போறன்னு நெனச்சேன்."

"அவ ஹாஸ்டல காலி பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சுங்க." சிந்தியா செல்போனில் ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். அவளுடைய சேர்க்கைப் படிவம். முகாமில் தங்குவதற்கு வீட்டிலிருந்து ஒருவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் தெளிவாக இருந்தது: ஆ. மரியசெல்வம், பி.காம்.

கிரிக்கெட் பார்த்துக்கொண்டே எதிலோ கையெழுத்துப் போட்டது நிழலாக ஞாபகம் வந்தது.

"நான் வந்தது உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது? வேவு பாத்தியா?"

"உங்க ஆதார்ல என் நம்பர்தான இருக்குது? நீங்க காலேஜ்ல சேந்தப்ப ஓடிபி என் போனுக்குத்தான் வந்துச்சு. ஆபீஸ் விஷயம்னு கேட்டீங்க, நானும் படிச்சுச் சொன்னேன். காலேஜ் பேரு அதுலயே இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்க ஃபார்ம்ல என் கையெழுத்து இருக்குது. நான் போடல. இங்கிலீஷ்ல என் பேருக்கு ஸ்பெல்லிங்கும் தப்பு."

வாய்க்கால் இன்னும் கொஞ்சம் ஆழமாக இருந்திருக்கலாம் என்று மரியசெல்வத்துக்குத் தோன்றியது.

"அந்த ரெண்டு பேப்பர் விஷயம்... நேத்துதான் உனக்குத் தெரியுமா?"

"கல்யாணமான மூணாவது மாசமே தெரியும். பீரோவுல மார்க் ஷீட் இருந்துச்சு."

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

எத்தனை ‘பிளஸ் டூ’ சொல்லியிருப்பார்? தன் தம்பி முன்னால், கோயிலில் பங்குச் சாமியார் முன்னால், பெற்ற பெண் முன்னால். ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அவள் பேசாமல் போயிருக்கிறாள். வேனில் திரும்பும்போது அவர் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் வகுப்பிலும் கடைசி பெஞ்சுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முகாம் முடிந்தது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இருவரும் ஒரே கடலூர் பஸ்ஸில் ஏறினார்கள். சிந்தியா ஜன்னலோரம். பரங்கிப்பேட்டை பிரிகிற ரோடு தாண்டும்வரை மரியசெல்வம் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். அப்புறம் ஆரம்பித்தார்.

"சிந்தியா, பொய் சொன்னதக்கூட விடு. அது பயத்துல சொன்னது. உன்ன அத்தன பேர் முன்னாடி மட்டமா பேசினேனே, அது திமிர்ல பேசினது. அதுவும் இல்லாத பட்டத்த வச்சிக்கிட்டு."

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கிக் காலையில அருள் பிரகாஷ்கிட்ட போயி, வெள்ளத்துல ஒண்ணும் போவல சார், வாங்கவே இல்லன்னு சொல்லிடப் போறேன். போஸ்ட் போனா போவுது. பெலிசியாகிட்டயும் நானே சொல்றேன். அந்தம்மா கரையேறினதும் என்னா படிச்சிருக்கன்னு கேட்டுச்சே, அப்பத்தான் எனக்கு மனசு லேசாச்சு. இவ்ளோ சுலபமா அது? இதுக்கா இருபத்தி நாலு வருஷம்?"

குரல் உடைந்துவிட்டது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். மரியசெல்வம் கவலைப்படவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு நேரம் அவர் உண்மை பேசியதே கிடையாது. சிந்தியாவின் கண்ணும் லேசாகக் கலங்கியிருப்பதைப் பார்த்தார். அவள் மெல்லக் கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டை எடுக்கிறாள் என்று நினைத்து அவர் முகத்தைக் காட்டினார்.

அவள் எடுத்தது நான்காக மடித்த ஒரு தாள்.

"ரொம்ப நல்லா சொன்னீங்க. முகாம்ல என்னா கத்துக்கிட்டேன்னு ஃபர்ஸ்ட் இயர்ல எல்லாரும் ஒரு கட்டுரை குடுக்கணும். வாயால சொன்னா மார்க் கெடையாது. ரெண்டு பக்கத்துக்கு மிகாம எழுதி புதன்கிழமைக்குள்ள என்கிட்ட குடுத்துடுங்க சார்."