புது வெள்ளைக் கோப்பை

எட்டு வீட்டுக்கும் பொதுவான கழிப்பறையில் வீட்டுக்காரம்மா வெள்ளைக் கோப்பை பதித்த அன்றுதான் கண்டக்டருக்குக் கெட்ட நேரம் ஆரம்பித்தது.

அதுவரை இருந்தது சிமென்ட் பூசிய பழைய கோப்பை. அதில் எது விழுந்தாலும் ஒரே கறுப்புத்தான். புதியது பால் மாதிரி பளபளத்தது. மாடியில் வீட்டுக்காரம்மா தனக்கென்று வைத்திருப்பதும் இதே மாதிரிதானாம். முதல் நாள் காலை கண்டக்டர் உள்ளே போய் முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தார். ஆரஞ்சு மிட்டாயைக் கரைத்து ஊற்றியது போல இருந்தது.

காரணம் அவருக்குத் தெரியும். டி.பி. மாத்திரை. நான்கு மாதமாகத் தினமும் காலையில் தெருக்கோடி சுகாதார நிலையத்தில், நர்சம்மாவின் கண் முன்னால் விழுங்குகிறார். சிறுநீர் இந்த நிறத்தில்தான் போகும், அது மாத்திரையின் நிறம், பயப்படாதீர்கள் என்று நர்சம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். இருமல் நின்று மூன்று மாதம் ஆகிறது. இனி இவரிடமிருந்து யாருக்கும் ஒட்டாது என்றும் சொல்லியாகிவிட்டது. இன்னும் இரண்டு மாதம் விடாமல் விழுங்கினால் போதும்.

ஆனால் இது வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியக் கூடாது. போன வருடம் கடைசி வீட்டுக்காரர் பத்து நாள் சேர்ந்தாற்போல இருமினார். என்ன இருமல் என்றுகூட யாரும் கேட்கவில்லை. ஒன்றாம் தேதி அவருடைய கட்டில் தெருவில் கிடந்தது. கண்டக்டரின் மகளுக்கு ஆறு வாரத்தில் பரீட்சை. பள்ளிக்கூடம் அடுத்த தெரு. இந்த நேரத்தில் கட்டிலையும் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று நினைத்தே அவர் மனைவி பாதி இளைத்துவிட்டாள். அவரைவிட அவள்தான் நோயாளி மாதிரி இருந்தாள்.

கண்டக்டர் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். போகவில்லை. பஸ்ஸில் கூட்டத்தை "உள்ள போ, உள்ள போ" என்று தள்ளுகிற மாதிரி இன்னொரு வாளி. மூன்றாவது வாளிக்குத்தான் கோப்பை வெளுத்தது.

அப்படியே தினமும் செய்ததில், மூன்றே நாளில் காம்பவுண்டில் தண்ணீர்ப் பஞ்சம் வந்துவிட்டது. ஏழு மணிக்கே தொட்டி காலி. பக்கத்து வீட்டுத் தையல் அக்கா முகமெல்லாம் சோப்பு நுரையோடு குழாயைத் திருகினாள். காற்று வந்தது. அந்தக் காம்பவுண்டில் எங்கே ஊசி விழுந்தாலும் தையல் அக்காவுக்குத் தெரிந்துவிடும், அது அவளுடைய ஊசியாக இல்லாவிட்டாலும்.

"கண்டக்டர் அண்ணே, நீங்க உள்ள போனா அருவி கொட்டுற சத்தம் கேக்குது. உள்ள யானை எதுவும் வளக்குறீங்களா?"

மறுநாள் ஒரே வாளியோடு நிறுத்திக்கொண்டார். அரை மணி நேரத்தில் நிறம் பிடிபட்டது. தையல் அக்கா எல்லாரையும் கூப்பிட்டு, பொருட்காட்சி காட்டுவது போலக் கோப்பையைக் காட்டினாள். யாருக்கோ மஞ்சள் காமாலை என்றார் ஒருவர். அது ஒட்டுவாரொட்டி என்றார் இன்னொருவர். கண்டக்டர் முந்திக்கொண்டார்.

"துரு. குழாயில துரு. எங்க டெப்போவுலயும் தண்ணி இப்படித்தான் வந்துச்சு."

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மா மாடிப்படியில் இறங்கி வந்தார். எப்போதும் ஏழாவது படியில் நின்றுதான் பேசுவார். அதற்குக் கீழே வந்தால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைப்பு. மாடியில் தனியாக இருப்பவர். யார் என்ன சொன்னாலும் நாலு கேள்வி கேட்காமல் விடாதவர், அன்று கோப்பையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, துருதான். போய் வேலையப் பாருங்க" என்று மேலே ஏறிவிட்டார்.

தன் பொய் இவ்வளவு அழகாக இருக்கும் என்று கண்டக்டரே எதிர்பார்க்கவில்லை.

அழகு கொஞ்சம் கூடிப்போய்விட்டது. துருத் தண்ணீரை யார் குடிப்பது? எட்டு வீடும் குடத்தோடு தெருக் குழாய்க்குக் கிளம்பியது. பதினொரு வருடமாக அதே தொட்டித் தண்ணீரைக் குடித்த தையல் அக்காவின் புருஷன், துரு என்று கேள்விப்பட்ட மதியமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார். கண்டக்டரின் மனைவி ஆறாவது குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

"காமாலைன்னே விட்டிருக்கலாம். அதுக்குக் குடம் தூக்க வேண்டியதில்ல."

தையல் அக்கா சும்மா இருப்பாளா? ஞாயிற்றுக்கிழமை தனக்குத் தெரிந்த பிளம்பரை வரச் சொல்லியிருப்பதாக அறிவித்தாள். அதெல்லாம் எதற்கு என்று வீட்டுக்காரம்மா ஏழாவது படியிலிருந்து சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. போதாததற்கு, எந்த நேரத்தில் நிறம் வருகிறது என்று கண்டுபிடிக்க, கழிப்பறைக் கதவில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிட்டாள். உள்ளே போகிறவர் பெயரையும் வீட்டு நம்பரையும் நேரத்தையும் எழுத வேண்டும். பென்சிலை நூலில் கட்டியிருந்தாள், இரட்டை முடிச்சு.

கண்டக்டர் அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தார். விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைக்கு ஓட்டம். அங்கிருந்து நேரே மாத்திரைக்கு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் ஓடும் வேகத்தில் அவருடைய பஸ்கூட ஒருநாளும் ஓடியதில்லை.

அதிலும் ஒரு சோதனை. சுகாதார நிலையத் தெருவில் திரும்பினால், எதிரே கையில் துணிப்பையோடு வீட்டுக்காரம்மா. இது புதிதல்ல, ஒரு மாதமாகவே வாரத்தில் மூன்று நாளாவது நடக்கிறது. அவரைக் கண்டதும் கண்டக்டர் சைக்கிள் கடைச் சந்தில் பாய்வது வழக்கம். அன்றும் பாய்ந்தார். சந்துக்குள் அவருக்கு முன்பே வீட்டுக்காரம்மா புகுந்து, சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"வாக்கிங்" என்றார் வீட்டுக்காரம்மா.

"நானும்" என்றார் கண்டக்டர்.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள்.

"அந்தம்மா மோப்பம் பிடிக்கிறாங்க சிஸ்டர்" என்று நர்சம்மாவிடம் புலம்பினார். "கண்டுபிடிச்சா அன்னைக்கே வெளிய தள்ளிடுவாங்க."

நர்சம்மா தண்ணீர் டம்ளரை நீட்டினார். "முதல்ல முழுங்குங்க. பேசாம நீங்களே உண்மையச் சொல்லிடுங்களேன். அவங்க நீங்க நெனைக்கிற அளவுக்கு மோசம் இல்ல."

"உங்களுக்கு அவங்களத் தெரியாது."

"ஆமாமா, எனக்கெப்படித் தெரியும்" என்று நர்சம்மா அவசரமாக ரிஜிஸ்டரைத் திருப்பினார்.

சனிக்கிழமை மாலை தையல் அக்கா நோட்டைக் கழற்றி எடுத்து, வாசலில் உட்கார்ந்து படித்தாள். கண்டக்டர் வேலை முடிந்து வரும் வரை காத்திருந்து படித்தாள்.

"நாலு நாளா மூணாம் நம்பர் வீட்டு அண்ணன் பேரு நோட்டுல இல்ல. நாலு நாளா கலரும் இல்ல. நான் ஒண்ணும் சொல்லல. நோட்டுதான் சொல்லுது."

அன்று கண்டக்டர் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மகள் மட்டும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "வீடு மாறினா என் ஹால் டிக்கெட்ல அட்ரஸ் மாத்தணுமாப்பா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு வீடும் முற்றத்தில் கூடியது. பிளம்பர் கீழே கோப்பையைப் பார்த்தார், குழாயைத் தட்டினார், மோட்டாரைப் போட்டுப் பார்த்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தார்.

"மேல எதுக்கு? மேல எல்லாம் நல்லா இருக்கு" என்று வீட்டுக்காரம்மா ஏழாவது படியை மறித்து நின்றார்.

"தொட்டியே மேலதானம்மா இருக்கு" என்று பிளம்பர் பக்கவாட்டில் நுழைந்து போய்விட்டார்.

எல்லார் கண்ணும் கண்டக்டர் மேல் வந்தது. அவர் மனைவி அவருடைய சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். இனி இழுத்து என்ன? அவர் ஒரு அடி முன்னால் வந்து, கடைசி ஸ்டாப்பில் எல்லாரையும் இறங்கச் சொல்கிற குரலில் சொல்லிவிட்டார்.

"துரு இல்ல. நான்தான். எனக்கு டி.பி. நாலு மாசமா மாத்திரை சாப்பிடறேன். இப்ப யாருக்கும் ஒட்டாது. ரெண்டு மாசத்துல முடிஞ்சிடும்."

தையல் அக்கா நோட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். பிறகு யாரும் எதிர்பாராத விதமாக அவளே, "பொண்ணுக்குப் பரீட்சை வருதும்மா" என்று மாடிப்படியைப் பார்த்துச் சொன்னாள்.

வீட்டுக்காரம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை. குரல் வழக்கத்தைவிட இறங்கியிருந்தது.

"போன வருஷம் ஒருத்தர அனுப்பினேன். அவருக்கு ஒரு நியாயம், இவருக்கு ஒரு நியாயமா? இந்த நோய் இருக்கிறவங்க இந்தக் காம்பவுண்டுல இருக்கக் கூடாது. ஒண்ணாந்தேதிக்குள்ள காலி பண்ணிடுங்க."

பிளம்பர் ஈரக் கையைத் துடைத்தபடி இறங்கி வந்தார். கீழே நடந்தது எதுவும் அவர் காதில் விழுந்திருக்கவில்லை.

"குழாயில துரு ஒரு பொட்டுக்கூட இல்லம்மா, கீழ கோப்பையும் சுத்தமா இருக்கு" என்றார். "மாடியில உங்க கோப்பையப் பாத்ததும்தான் புரிஞ்சுது, மாத்திரை சாப்பிட்டப்ப எங்க வீட்டுலயும் ஆறு மாசம் இதே கலர்தான், உங்களுக்கு இது எத்தனையாவது மாசம்?"