இராமசாமி எந்தக் கட்சி?

உலக நாகரிகத்துக்கு மாத்தளை அளித்த கொடைகள் இரண்டு. ஒன்று கராம்பு, மற்றது கொள்கைப் பிடிப்பு. கராம்புக்கு விலை உண்டு. கொள்கைப் பிடிப்பை நாங்கள் இலவசமாகவே வழங்கி வருகிறோம்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து மூன்றாண்டு கழிந்த சமயம், எங்கள் 'அறிவுச் சுடர் வாசிகசாலை'யில் மனிதகுலத்தையே பிளக்கக்கூடிய ஒரு கேள்வி எழுந்தது. மெட்ராஸிலிருந்து வந்து, கண்டி வழியாக ரயிலேறி எங்களை அடையும் வாரப் பத்திரிகையில் இரண்டு தொடர்கதைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் ஓர் இளவரசி ஆறு மாதமாகக் குதிரையிலிருந்து இறங்கவில்லை. மற்றதில் ஒரு ஜமீன்தார் ஆறு மாதமாகக் கொலையுண்டு கிடந்தார். இவற்றில் எது 'இலக்கியம்'?

தலைவர் மீராசாஹிப் முதலாளி, புடவைக் கடைக்காரர், இளவரசியின் பக்கம். செயலாளர் லெட்சுமணன், யட்டவத்தப் பக்கத்துத் தோட்டமொன்றின் கிளாக்கர், பிணத்தின் பக்கம். உப தலைவரான நான் மிளகு வியாபாரி. இரண்டு வீட்டுக்கும் மிளகு கொடுப்பவன். ஆகவே 'நடுநிலைமை' என்னும் உயர்ந்த கொள்கை எனக்கு வாய்த்தது.

தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து பைண்ட் செய்து வைப்பது எங்கள் வழக்கம். பத்திரிகைக்காரர்கள் செய்த சதியோ என்னவோ, இளவரசியின் கடைசிப் பக்கத்தின் மறுபுறத்தில்தான் பிணத்தின் முதல் பக்கம் அச்சாகியிருக்கும். ஒரு வாரம் இளவரசிக் கட்சி முந்திக்கொண்டு கிழித்தது. அடுத்த வாரம் பிணக் கட்சி ஸ்டேஷனுக்கே போய்க் கிழித்தது. அதன் பிறகு இரு கட்சியாரும் ஒரே வாங்கில் உட்காருவதில்லை. ஒரே குடத்துத் தண்ணீரைக் குடிப்பதில்லை. இந்த அளவுக்கு இலக்கிய உணர்ச்சி கொழும்பில்கூட இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இந்தச் சமயம் பார்த்துத்தான் இராமசாமி ஒரு சில்லறை விஷயத்தோடு வந்தார். லெட்சுமணனின் தோட்டத்துத் தபால்காரர் அவர். பன்னிரண்டு வருஷமாகத் தினமும் தபால் பையோடு டவுனுக்கு வந்து, எங்கள் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, பத்திரிகை படித்துவிட்டுப் போகிறவர். இந்திய வம்சாவளித் தோட்டத்தார் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க மறுநாள் கடைசி நாள். இத்தனை காலமும் இங்கேயேதான் இருந்தார் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். தோட்டத்தில் ஆள் பேர் பதியும் பழைய செக்ரோல் புத்தகங்களையோ கறையான் தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது எங்கள் பதிவுப் புத்தகம் ஒன்றுதான். அதைப் பார்த்து நிர்வாகிகளில் எவராவது ஒருவர் கையெழுத்திட்டால் போதும். கடிதத்தை அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

நிர்வாகக் கூட்டம் கூடியது. மீராசாஹிப் பேனாவைத் திறந்தார். மூடினார்.

"இராமசாமி, கையெழுத்துக்கு என்ன, போட்டுத் தாறேன். ஆனா ஒரு விசயம். நீ எங்க ஆளா, அவங்க ஆளா?"

"நான் தோட்டத்து ஆளுங்க மொதலாளி."

"அது தெரியும்ப்பா. எந்தக் கதை படிக்கிற?"

இராமசாமி வெள்ளை மனத்தோடு சொன்னார்: "ரெண்டும் படிக்கிறேங்க. ரெண்டும் நல்லாத்தாங்க இருக்கு. லயத்து வீடுங்களுக்குப் போயி ரெண்டையும் சொல்லுவேன். அதுக்குப் பொம்பளைங்க அழுவாங்க, இதுக்குப் புள்ளைங்க பயந்துக்குவாங்க."

இரண்டையும் வெறுப்பதாகச் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்போம்.

"ரெண்டுமா?" என்றார் மீராசாஹிப். "கொலக் கதை படிச்ச வாயால எளவரசி பேரச் சொல்றியா?"

"என்னப்பா," என்று லெட்சுமணன் எழுந்தார், "இம்புட்டு நாளா எங்கூட நடந்து வர்ற. குதிரக் கதையும் படிக்கிறேன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

"நீங்க கேக்கலீங்களே ஐயா."

"சரி, போனது போகட்டும். ஜமீன்தார் கதைதான் ஒசத்தின்னு சொல்லு. இப்பவே போடுறேன்."

"அப்ப நான் போட மாட்டேனா?" மீராசாஹிப் மறுபடி பேனாவைத் திறந்தார். "எளவரசிதான் ஒசத்தின்னு சொல்லு. சீல் வச்சே தாறேன்."

வியாபாரக் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். ஒரு மூட்டை மிளகுக்கு இரண்டு பேர் முட்டிக்கொண்டால் மூட்டைக்காரன் பிழைத்துக்கொள்வான். இராமசாமிக்கு அந்தச் சூட்சுமம் பிடிபடவில்லை. தலையைச் சொறிந்தார்.

"பொய் சொல்லி வாங்குன கடுதாசின்னா நாளைக்கு ஆபீஸ்ல எப்புடிங்க நிப்பேன்? ரெண்டும் நல்லாத்தானுங்களே இருக்கு."

இத்தகைய 'கொள்கையற்ற' ஒருவருக்கு அத்தாட்சி வழங்கலாமா என்பதை ஆராய உபகுழு ஒன்று அமைப்பதென்றும், அது அடுத்த மாதம் கூடுவதென்றும் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. ஆறு மாதத்தில் இரு கட்சியும் ஒத்துப்போன முதல் தீர்மானம். நான் கைதட்டினேன்.

படியிறங்கும்போது இராமசாமி என் பக்கம் வந்தார். "சின்ன மொதலாளி, நீங்களும் நிர்வாகிதானுங்களே. நீங்க எந்தக் கதையும் படிக்கிறதில்ல. நீங்க போடலாமுங்களே?"

"போடலாம் இராமசாமி. ஆனா நான் போட்டா ரெண்டு பேரும் கோவிச்சுக்குவாங்க. நடுநிலைமைன்னு ஒன்னு இருக்குல்ல?"

"அது சரிங்க," என்றார். மரியாதை தெரிந்த மனிதர். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார்.

விண்ணப்பம் அத்தாட்சி இல்லாமல் போயிற்று. அத்தாட்சி இல்லையென்று அடுத்த வருஷம் திரும்பி வந்தது. வாசிகசாலை கொதித்தெழுந்தது. பன்னிரண்டு வருஷம் நம் கண்முன்னால் நடமாடிய மனிதருக்கு உரிமை மறுப்பதா! அரசாங்கத்தைக் கண்டித்து அன்றைக்கே காரசாரமாக ஒரு தீர்மானம் எழுதினோம். மீராசாஹிப்பும் லெட்சுமணனும் ஒரே வாங்கில் நெருங்கி உட்கார்ந்து, ஒரே தாளில், ஒருவருக்குக் கீழே ஒருவராகக் கையெழுத்திட்டார்கள். அவர்களுக்கும் முன்னதாக, யார் கோபித்துக்கொள்வார்களோ என்று ஒரு கணமும் யோசியாமல், கையெழுத்துப் போட்டவன் நான்.